சிவசங்கரன் சார் செய்த மனுஷன்

அங்கம்மாள் கரண்டியால்தான் சோறு தின்பாள். பெரிய இடத்துப் பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். கையை வாய்க்குக் கொண்டுபோனால் குடல் மேலே ஏறி வந்துவிடும், அவ்வளவுதான். சுண்ணாம்பு போட்டுத் தேய்த்தாள், மண்ணெண்ணெயில் கழுவினாள், சீயக்காய், எலுமிச்சைத் தோல், அடுப்புச் சாம்பல் எல்லாம் பார்த்தாயிற்று. நகக்கண்ணில் ஏறிக்கொண்ட அந்த வீச்சம் போகிற வழியாக இல்லை. வேடிக்கை என்னவென்றால், வேலை செய்கிற இடத்தில் அவளுக்கு ஒரு நாற்றமும் தெரியாது. கிடங்குக்குள் கால் வைத்த கொஞ்ச நேரத்தில் மூக்கு செத்துப்போகும். வீட்டுக்குப் போய்த் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும் பாவி மூக்கு எழுந்து உட்கார்ந்துவிடும்.

வேலை என்ன வேலை என்கிறீர்களா? எலும்பு கோக்கிற வேலை. மனுஷ எலும்பு.

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில், சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாய் அடுக்கிய கிடங்குகளுக்கு நடுவே, பின்கதவு காயலைப் பார்த்துத் திறக்கிற ஒரு பழைய ஓட்டுக் கட்டடம். கேட்பாரற்ற பிணங்கள் அங்கே வரும். சிமெண்டுத் தொட்டியில் ஊறும், அண்டாவில் வேகும், சுரண்டப்படும், சுண்ணாம்பில் வெளுக்கும், வெயிலில் காயும். அதன் பிறகு அங்கம்மாளின் கைக்கு வரும். அவள் துளை போட்டு, பித்தளைக் கம்பியில் கோத்து, ஆளாக நிறுத்துவாள். ஆளைப் பெட்டியில் வைத்துக் கல்லூரிகளுக்கு அனுப்புவார் முதலாளி சிவசங்கரன் சார். எழுபத்தேழில் இடக்கொச்சி இறால் கொட்டகை மூடிப்போனபோது, கிடங்கில் தொட்டி வேலை பார்த்த தங்கப்பன்தான் அவளைக் கூட்டிவந்தான். "மாலை கெட்டுத மாதிரிதாங்க்கா. பூவுக்குப் பதிலா வேறொண்ணு, அத்தறதான்" என்றான். கட்டையில போறவன், அந்த வேறொன்று என்னவென்று வந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது.

சிவசங்கரன் சார் திருப்பூணித்துறைக்காரர். ஏதோ ஒரு கல்லூரியில் விலங்கியல் வாத்தியாராக இருந்து, கூட இருந்தவர்கள் கேலி செய்தார்கள் என்று சண்டை போட்டுக்கொண்டு வந்தவர். வெள்ளை ஜிப்பா, மூக்கோடு ஒட்டிப் பிடித்த ஒரு சென்ட் கைக்குட்டை. தொட்டி இருக்கிற அறையின் வாசல்படியை அவர் தாண்டி யாரும் பார்த்ததில்லை. இத்தனை வருஷம் எலும்பால் வயிறு வளர்த்த மனுஷன் ஒரே ஒரு எலும்பைக்கூட விரலால் தொட்டதில்லை என்றால் நம்புவீர்களா? படியில் நின்றபடி ஒரு நீள மூங்கில் குச்சியை நீட்டுவார். "அது. அதல்ல, அப்புறத்தது. அதை எடு" என்பார். எடுப்பது, கழுவுவது, நாறுவது எல்லாம் மற்றவர்கள். மூளை மட்டும் அவருடையது.

அந்த மூளைக்குள் ஒரு ஆசை உட்கார்ந்திருந்தது.

"இந்த நாட்டில ஒரு முழு மனுஷன் இல்லை, அங்கம்மாளே" என்பார் கைக்குட்டைக்குள்ளிருந்து. "ஒண்ணுகில் கால் வளைஞ்சிருக்கும், இல்லெங்கில் பல்லு கேடு. பட்டினி, ரோகம், சுமடு சுமந்த கூன். ஞான் ஒருத்தனை உண்டாக்கப் போறேன். ஓரோருத்தன்கிட்டேந்து நல்லது மட்டும் எடுத்து, ஒரு குறையும் இல்லாத மனுஷன். தெய்வம் அவசரத்துல செஞ்சதை ஞான் சாவகாசமா செய்வேன். என்னைப் பார்த்துச் சிரிச்சவனெல்லாம் வந்து நின்னு பார்க்கணும்."

பல பேரைப் பிய்த்து ஒருத்தனைச் செய்யப் போகிறார் என்பது மட்டும் அங்கம்மாளுக்குப் புரிந்தது. கைவிரல்களுக்கு ஏதோ ஒரு பெண்பிள்ளையின் எலும்பை எடுத்து வைக்கச் சொன்னார். பெண்ணுங்க விரல் அழகு ஆணுங்களுக்கு வராதாம். அதைச் சொல்லிவிட்டு, கம்பி முறுக்கிக்கொண்டிருந்த அங்கம்மாளின் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவளுக்கு ரவிக்கைக்குள் பல்லி விழுந்தது போல இருந்தது.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. யாருக்கும் தெரியாது. முந்தானை முடிச்சில் எப்போதும் ஒரு பிடி அரிசி இருக்கும். எந்தத் தலையைக் கையில் எடுத்தாலும், தாடையை மாட்டுவதற்கு முன்னால் நாலு மணி அரிசியைப் பல்லுக்கு நடுவில் போடுவாள். செத்தால் வாய்க்கரிசி போட ஊரில் எவனுக்கும் ஒருத்தராவது இருப்பார்கள். இங்கே வருகிறவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? அவள் போட்ட அரிசியை மறுநாளைக்குள் எறும்பு கொண்டுபோய்விடும். ஒரு தொந்தரவும் இல்லை.

எழுபத்தொன்பதாம் வருஷம் ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில்தான் சாரின் கண் ஆறுச்சாமி மேல் விழுந்தது. எதிர்க் கிடங்கில் சுக்கு மூட்டை சுமக்கிறவன். ஆறடி ஏழு அங்குலம். எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவான், குனிந்த பழக்கத்தில் தெருவிலும் குனிந்தே நடப்பான். தென்காசிப் பக்கத்திலிருந்து யாரோ சின்ன வயசில் கூட்டிவந்து விட்டுப் போனது. உற்றார் உறவு என்று ஒரு காக்காய்கூடக் கிடையாது.

சார் அவனைக் கூப்பிட்டு முன்னறையில் கசேரி போட்டு உட்கார வைத்தார். வரிபோட்ட கண்ணாடிக் கிளாஸில் சாயா, தட்டில் இரண்டு பருப்புவடை. தினமும் நாலு மணிக்கு. அவன் வாய் வடையை மெல்லும், இவர் கண் அவன் தொடையை மெல்லும். ஒருநாள் அங்கம்மாளைக் கூப்பிட்டு அளவு நாடாவைக் கையில் கொடுத்தார். இடுப்பிலிருந்து முட்டி வரைக்கும் பிடிக்கச் சொல்லி, குச்சியால் இடம் காட்டி, "இருபத்தொண்ணேகால்" என்று எழுதிக்கொண்டார். எழுதும்போது அவர் நாக்கு உதட்டைத் தடவியது. தூ! உயிரோடு உட்கார்ந்து வடை தின்கிற ஒரு மனுஷனைப் பார்க்கிற பார்வையா அது?

"ஏலே ஆறுச்சாமி, அந்தாளு உன்னைப் பாக்கல்லே. உன் எலும்பைப் பாக்கான்" என்றாள் வெளியே வந்து.

"போங்கக்கா. இரின்னு சொல்லி எனக்கு ஒரு மனுசன் கசேரி போட்டது இதாக்கும் முதல்" என்று சிரித்தான் அவன். கீழ்ப்பல்லெல்லாம் வெற்றிலைக் கறை, முன்னால் இரண்டு உடைந்தது.

பிறகு ஒருநாள் பெருவிரலில் மையோடு வந்தான். ஒரு கடிதாசில் கைநாட்டு வைத்தானாம். "நான் செத்தா எல்லாம் சாரு பாத்துக்கிடுவாராம் அக்கா. காடு போய்ச் சேருறது அவரு பொறுப்பாம். எனக்கு வேற ஆரு இருக்கா?" சந்தோஷமாகச் சொன்னான். அங்கம்மாள் காயலைப் பார்த்துக் காறித் துப்பினாள். அவனுக்கு எதற்கென்று புரியவில்லை. அவளுக்கும் அந்த முகத்தைப் பார்த்து எடுத்துச் சொல்ல நாக்கு வரவில்லை. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

அடுத்த வருஷ மழையில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண், நகம், உள்ளங்கால் எல்லாம் மஞ்சள். முதல் நாளே சாயா நின்றது. வரிபோட்ட கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைக்கச் சொன்னார் சார். சுமட்டுக்காரர்கள் தங்குகிற கொட்டகையில் அவன் சுருண்டு கிடந்தான். ஒரு தடவையாவது அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டுமே? ம்ஹூம். கஞ்சி கொடுத்துவிட்டு வந்த அங்கம்மாளை வாசற்படியில் நிறுத்தி, "எத்தர நாள் ஆகும்?" என்று கேட்டார்.

"சொகமாகவா சாரே?"

"அல்ல" என்றார்.

அதோடு விட்டாரா? தங்கப்பனைத் திரும்பிப் பார்த்து, "மஞ்ச எலும்பில் கேறி நிறம் கெடுமோடா?" என்று வேறு கேட்டார். அங்கம்மாள் பின்கதவுக்கு ஓடிப்போய் ஓக்காளித்தாள். தொட்டிக்குள் கை விட்டபோதெல்லாம் வராத வாந்தி இரண்டு வார்த்தையில் வந்தது.

கள்ளைக் குடித்துவிட்டுப் போன தங்கப்பன் கடிதாசின் விஷயத்தை நோயாளியிடம் உளறிவிட்டான். மறுநாள் காலையில் அங்கம்மாள் போனபோது ஆறுச்சாமி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, என்னை அந்த அண்டாவில இட்டு வேவிச்சிராதீங்க. மண்ணில வைங்க. ஒங்களுக்குப் புண்ணியம் உண்டு."

"வைக்கேன்லே. என் கையால வைக்கேன்."

"சத்தியமாட்டா?"

"சத்தியம்."

அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. "சூடு சோறும் மத்திக் கறியும் திங்கணும்போல இருக்குக்கா" என்றான். காமாலைக்காரனுக்கு மத்திக் கறி ஆகாது என்பது அவளுக்குத் தெரியாதா? ஆனால் இனி ஆகாதது என்ன இருக்கிறது? மட்டாஞ்சேரியில் அன்று மீன் வரவில்லை. போர்ட் கொச்சிக் கரைவரைக்கும் நடந்தாள். வாங்கி, ஆய்ந்து, குடம்புளி போட்டு வைத்து, தூக்குவாளியில் சூடாக எடுத்துக்கொண்டு வந்தால் பாய் காலியாகக் கிடந்தது. அவள் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தபோது உயிர் போயிருக்கிறது. கடிதாசோடு வண்டியும் வந்து போயிருக்கிறது. மனுஷன் சாவுக்குக்கூட இவ்வளவு சுறுசுறுப்பாகக் காத்திருப்பானா?

கிடங்குக்கு ஓடினாள். அவன் ஏற்கெனவே தொட்டியில். தொட்டி அவனுக்குப் போதவில்லை. இரண்டு பாதமும் விளிம்புக்கு வெளியே மஞ்சளாக நீட்டிக்கொண்டிருந்தன. படியில் நின்ற சார் குச்சியை நீட்டி, "மடக்கு, மடக்கு, காலை மடக்கு" என்று தங்கப்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தூக்குவாளி அங்கம்மாளின் கையில் சுட்டது.

வேலையை உதறிவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனால் வேறொருத்தி கோப்பாள். அவன் எந்தப் பெட்டியில் எந்த ஊருக்குப் போனான் என்பதுகூடத் தெரியாமல் போய்விடும். செய்த சத்தியத்துக்காக இருந்தாள். "வேலை கழிஞ்சா மண்ணுக்குக் கொடுத்திரலாமா சாரே?" என்று ஒரு தடவை வாய்விட்டும் கேட்டாள். "மண்ணுக்கா? இதுக்காகவா ஞான் ஒரு வருஷம் வடை வாங்கிக் கொடுத்தேன்?" என்று அவர் சிரித்தார்.

மூன்று மாதத்தில் அவன் வெளுத்துக் காய்ந்து அவள் மடிக்கு வந்தான். கால் அவனுடையது, முதுகெலும்பு, விலா, கை, மண்டை எல்லாம் அவனுடையது. கீழ்த்தாடை மட்டும் சாருக்குப் பிடிக்கவில்லை. பல் கேடு. அதைக் கழிவு டிரம்மில் எறியச் சொல்லி, முத்துப் பல்லுள்ள வேறு யாருடையதையோ மாட்டச் சொன்னார். விரலுக்கு அந்தப் பெண்பிள்ளையின் விரல். ஆறுச்சாமியின் விரல்கள் வேறொரு பெட்டியில் பம்பாய்க்குப் போய்விட்டன. அங்கம்மாள் கழிவு டிரம்முக்குள் தலையை விட்டுத் தேடி, வெற்றிலைக் கறை படிந்த தாடையை எடுத்து, மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனாள். காலி ஊறுகாய் ஜாடியில் வைத்து மூடினாள். மற்றதையெல்லாம் அவள் கைதான் கோத்தது. ஒவ்வொரு முறுக்குக்கும் தன் கையைத் தானே வெட்டிப்போடலாம் போல இருந்தது அவளுக்கு.

ஒரு திங்கட்கிழமை அது முழுசாக எழுந்து நின்றது. வெள்ளிக்கிழமை விருந்தாளிகள். சாரைக் கேலி செய்த பழைய கல்லூரி வாத்தியார்கள் இரண்டு பேர், மாதிரி எலும்புகள் வாங்குகிற பம்பாய்க்காரர் ஒருத்தர். பட்டுத்துணி போட்டு மூடி வைக்கச் சொல்லிவிட்டு சார் மேலே போனார்.

வாய்க்கரிசி இன்னும் போடவில்லை. அங்கம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள், உடனே கட்டினாள். இவனுக்குப் பச்சரிசியா? சூடு சோறும் மத்திக் கறியும் அல்லவா கேட்டான்? மத்தியானம் தூக்குவாளியோடு வந்தாள். பிசைந்து ஒரு கவளம் உருட்டி வாயருகே கொண்டுபோன பிறகுதான் உறைத்தது. அந்த வாய் அவன் வாயில்லையே! எவனோ ஒருத்தன் வாயில் போட்டால் இவனுக்கு எப்படிப் போய்ச் சேரும்? மண்டையோட்டின் மேல்மூடி கொக்கி போட்டுத் திறந்து மூடுகிற மாதிரி அறுத்தது. கொக்கியை விலக்கினாள். உள்ளே இருப்பது அவனேதான். நாலு கவளம், இரண்டு மத்தி, கறியும் ஊற்றி, மூடிக் கொக்கி போட்டாள். "தின்னுலே" என்றாள். அரிசியை எறும்பு கொண்டுபோகிற மாதிரி இதையும் கொண்டுபோய்விடும் என்று நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமையே சார் மூக்கைச் சுளித்தார். புதன்கிழமை தொட்டியைக் கழுவச் சொன்னார். வியாழக்கிழமை தங்கப்பனை நாயே பேயே என்று திட்டி, கட்டடம் முழுக்க பினாயில் அடித்து, சாம்பிராணியும் போட்டார். "நாறுது, நாறுது, எவ்விடேந்தோ நாறுது!" என்று மாடிக்கும் கீழுக்கும் நடந்தார். அங்கம்மாளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளுக்குத்தான் அங்கே மூக்கு கிடையாதே.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். சார் பட்டுத்துணியை இழுத்தார். அது உத்தரத்துக் கொக்கியில் ஆறடி ஏழு அங்குலமாக நின்றது. வாத்தியார்கள் அண்ணாந்து பார்த்தார்கள். சார் குறையில்லாத மனுஷனைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். ஆறுச்சாமி என்ற பேர் அதில் வரவில்லை. பேச்சின் சூட்டில், பிறந்ததிலிருந்து செய்யாத ஒன்றையும் செய்தார். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு தன் மனுஷனைத் தானே தொட்டார். "புத்தி குடியிருக்கிற வீட்டைப் பாருங்கோ" என்று கொக்கியை விலக்கி மூடியைத் தூக்கினார்.

பச்சை ஈக்கள் கும்பலாக எழும்பின. உள்ளே சோறு சோறாக இல்லை. வெள்ளையாக நெளிந்தது. எட்டிப் பார்த்த சாரின் கன்னத்தில் இரண்டு புழு தெறித்து விழுந்தது. புளித்து மஞ்சளான கறி மூக்குத் துவாரம் வழியாக ஒழுகி, அந்த முத்துப் பல்லின் மேல் சொட்டி, ஒரு மத்தி முள் தொங்கியது. சார் போட்ட கூச்சல் அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். பம்பாய்க்காரர் படியில் விழுந்து எழுந்து ஓடினார். ஒரு வாத்தியார் கைக்குட்டைக்குள் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் சார் தன் முழு மனுஷனை ஒரு உதை உதைத்தார்.

"கொண்டுபோ! என் கண்ணில படப்பிடாது! பிசாசு! காயல்ல எறி!" ஜிப்பா முழுக்க வாந்தியோடு அவர் மாடிக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அது கொக்கியில் ஆடிக்கொண்டிருந்தது. அங்கம்மாளின் மூக்கு, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, அந்தக் கிடங்குக்குள் உயிர் பெற்றது. அழுகிய மீன், புளித்த சோறு, சுண்ணாம்பு, எல்லாம் ஒரேயடியாக ஏறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு வயிறு காலியாகும்வரை வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்தபோதுதான் சார் சொன்ன சொல் காதில் விழுந்தது. கொண்டுபோ என்று சொல்லிவிட்டார். அவர் வாயாலேயே சொல்லிவிட்டார்.

தங்கப்பனின் கைவண்டியில் சாக்கு போட்டு மூடி, வீட்டில் நிறுத்தி ஊறுகாய் ஜாடியையும் எடுத்துக்கொண்டு, வெயில் தாழுமுன் புதைகாட்டுக்குப் போய்விட்டாள். குழி வெட்டுகிற முப்பிடாதி மண்வெட்டியோடு நின்றான்.

"ஆருக்க குழி அக்கா?"

"மூணு பேருக்கு. நீளமா வெட்டு."

"இதுக்கு எதுக்கு இத்தற நீளம்? காலை மடக்கி வெச்சா மதியே."

"மடக்கப்பிடாது!" என்று அவள் கத்தின கத்தலில் அவன் நீளமாகவே வெட்டினான்.

கழுவி எடுத்து, கம்பிகளை ஒவ்வொன்றாக அறுத்தாள். முத்துப் பல் தாடையை ஒரு இலையில் தனியாக வைத்தாள். பெண்பிள்ளையின் விரல்களைப் பொறுக்கி இன்னொரு இலையில் வைத்தாள். ஜாடியைத் திறந்து கறைத் தாடையை அவனுக்குப் பொருத்தி, அந்த வாயில் அரிசி போட்டாள். விரல் இல்லாமல் போகிறாயே என்று அப்போதுதான் அழுதாள்.

எட்டு நாள் கழித்து சார் ஆள் அனுப்பினார். ஜிப்பா மாற்றி, கைக்குட்டை மாற்றி, ஒன்றும் நடக்காதவர் போல முன்னறையில் இருந்தார். "அதை எங்கே போட்டே?" என்றார்.

"காயல்ல. நீங்க சொன்ன மாதிரி."

"போகட்டும். இருபத்தொண்ணேகால் இனி கிட்டாது. போகட்டும்." பெருமூச்சு விட்டார். அவர் பார்வை இறங்கி வந்து அவள் கையில் நின்றது. விரல் விரலாகப் பார்த்தது. பிறகு தங்கப்பனுக்குத் தலையசைத்தார்.

தங்கப்பன் கசேரி கொண்டுவந்து போட்டான். அந்த வரிபோட்ட கிளாஸில் சாயா வந்தது. தட்டில் இரண்டு பருப்புவடை. கொண்டுவந்தவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இரி அங்கம்மாளே" என்றார் சார், தேனாக. "உனக்கும் ஆரும் இல்லையல்லோ. ஒரு கடிதாசு உண்டு. வெறுதே ஒரு விரல் வெச்சா மதி."

அங்கம்மாள் உட்காரவில்லை. நேராக அவர் முன்னால் போய், மூக்கில் இருந்த கைக்குட்டையைப் பிடுங்கி, வலது கையை விரித்து அவர் முகத்தில் வைத்து அழுத்தினாள்.

"மோந்து பாரும். விரல் வேணும்னீரே, மோந்து பாரும்! நீரு செஞ்ச மனுசனுக்க நாத்தம் இது. மூணு வருசமா நான் சுமக்கேன். உம்முடையதாக்கும், எனக்குள்ளது இல்லை."

அவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். புதிய ஜிப்பாவும் வாந்தியில் பாழானது. அவள் கையை எடுத்து, ஒவ்வொரு விரலாக அவருடைய கைக்குட்டையில் துடைத்தாள். அதைச் சாயாவுக்குள் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

அன்று மத்தியானம் கரண்டியைத் தேடாமல் சோற்றில் கையை வைத்தாள். நாற்றம் இருந்தது. இருக்கட்டும் என்று தின்றாள்.